சாப்பிட வாங்க என்றால் உள்ளே போகிறவள்

திருச்சி விமான நிலையத்தில் குடிநுழைவு அதிகாரி என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "பூர்வீகம் எந்த ஊரு?" தெரியாது என்றேன். "அப்ப தேடி வந்திருக்கீங்களா?" இல்லை, வேலையாக வந்திருக்கிறேன் என்றேன். அவருக்குப் பெரிய ஏமாற்றம். மலேசியாவின் ஈப்போவிலிருந்து வருகிற தமிழச்சி என்றால் தாத்தாவின் ஊரைத் தேடித்தான் வரவேண்டும், வந்து ஒரு பிடி மண்ணை முந்தானையில் முடிந்துகொண்டு அழவேண்டும். எனக்கு மண் அலர்ஜி.

என் வேலை எனக்குப் பின்னால் வரிசையில் நின்றுகொண்டிருந்தது. பெயர் ரொகானி. பேராக் மாநிலத்து மலைக்காட்டில் இருக்கும் செமாய்ப் பூர்வகுடிப் பெண். தன் கிராமத்து ஆற்றுக்கு மேலே மரம் வெட்ட வந்த லாரிகளை, மூங்கிலால் ஒரு தடுப்புக் கட்டி, அதன் முன்னால் பெண்களை உட்காரவைத்து நிறுத்தியவள். அவளுக்குத் தமிழ் தெரியாது. புதுக்கோட்டைப் பக்கத்துப் பெண்களுக்கு மலாய் தெரியாது. இரண்டும் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியை நான். ஒரு பெண்கள் அமைப்பு எங்கள் இருவரையும் சேர்த்து அனுப்பிவைத்திருந்தது. குன்றாண்டார்கோவில் பக்கம் ஓர் ஊரில் பெண்கள் தைலமரத் தோட்டத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள், போய்ப் பேசிவிட்டு வாருங்கள் என்பதுதான் உத்தரவு.

கீரனூர் வரை பஸ்ஸில் ஒரு குறையும் இல்லை, பாட்டுச் சத்தத்தைத் தவிர. கீரனூரில் பரோட்டாவும் முட்டை மாஸும் சாப்பிட்டோம். முட்டையை வைத்து இப்படி ஒரு காரியம் செய்யலாம் என்று ஈப்போவில் ஒருவருக்கும் தோன்றவில்லையே என்று எனக்கு வருத்தமாகக்கூட இருந்தது. ரொகானி இரண்டு தட்டு சாப்பிட்டாள். கைகழுவிவிட்டு வெளியே வந்தால், நாங்கள் போகவேண்டிய மினி பஸ் டயர் கழற்றப்பட்டு ஜாக்கியில் நின்றது. "சாயந்திரம் ஆயிரும்" என்றார் கண்டக்டர், தனக்குச் சம்பந்தமில்லாத விஷயம் போல.

டீக்கடைக்காரர்தான் வழி சொன்னார். "அங்கிட்டு ஒரு குட்டி யானை நிக்கிது பாருங்க, ஒங்க ஊரு வழியாத்தான் போகுது. ஏறிக்கங்க." நான் இதை அப்படியே ரொகானியிடம் மலாயில் சொன்னேன். அவள் நின்றுவிட்டாள். அவள் ஊரில் யானை வந்தால் வாழைத்தோட்டம் காலி. இங்கே குட்டி யானை என்பது சின்னச் சரக்கு வண்டிக்கு மக்கள் வைத்த பெயர் என்று விளக்கி, கூட்டிப்போய்க் காட்டிய பிறகுதான் நகர்ந்தாள். பின்னால் ஏற்கெனவே நான்கைந்து ஆடுகள் இருந்தன. அவற்றில் ஒன்று வழி முழுக்க என் துப்பட்டாவை மென்றுகொண்டே வந்தது.

ஊரில் எங்களை எதிர்கொண்டவர் வள்ளிக்கண்ணு. நாற்பத்தைந்து வயது இருக்கும். நூறுநாள் வேலைப் பெண்களுக்கு அவர்தான் தலைமை, தைலமரப் பிரச்சினைக்கும் அவர்தான். குரல் அப்படி. தெருக்கோடியில் நின்று அவர் சாதாரணமாகப் பேசினால் கண்மாய்க்கரையில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். ரொகானியின் பெயரைக் கேட்டதும், "ரோகிணியா? நல்ல பேரு" என்று அங்கேயே முடிவுசெய்துவிட்டார். அதன்பிறகு அந்த ஊரில் அவள் ரோகிணிதான்.

வள்ளிக்கண்ணு வீட்டுக்கு நடந்து போகும் வழியில்தான் அந்தச் சங்கடம் நடந்தது. தெருவில் புதிதாகக் கட்டிய ஒரு வீடு. இரும்பு கேட், டைல்ஸ் பதித்த போர்டிகோ. அதில் ஒரு பெண் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் வழக்கப்படி, "வாங்க, சாப்பிட வாங்க" என்றார். நான் என் வழக்கப்படி, "ஆச்சு, நீங்க சாப்பிடுங்க" என்றேன். இது இங்கே எல்லோரும் எல்லோரையும் கேட்பது, எல்லோரும் சொல்லும் பதில். யாரும் கேட்டதற்காக உள்ளே போய்விடுவதில்லை. "என்ன சொன்னாள்?" என்று ரொகானி கேட்டாள். சாப்பிடக் கூப்பிட்டாள் என்றேன். அடுத்த நிமிஷம் ரொகானி கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே போய்விட்டாள்.

அவளைக் குறை சொல்ல முடியாது. எங்கள் நாட்டுக் காட்டுமக்களிடம் ஒரு நம்பிக்கை உண்டு, மலாய்க்காரர்களிடமும் உண்டு. ஒருவர் சாப்பாட்டுக்கு அழைத்து, நாம் அதைத் தொடாமல் தாண்டிப்போனால் வழியில் கேடு வரும். பாம்பு கடிக்கும், மரம் விழும். கெம்புனான் என்பார்கள். வயிறு நிறைந்திருந்தாலும் விரல் நுனியால் ஒரு பருக்கையைத் தொட்டு உதட்டில் வைத்துவிட்டுத்தான் போகவேண்டும். ரொகானி படி ஏறி, அந்தப் பெண்ணின் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சிரித்தாள். அந்தப் பெண் திகைத்துப்போய், பிறகு அவசரமாக உள்ளே போய் ஒரு தட்டு கொண்டுவந்தார். கருவாட்டுக் குழம்பு. ஒரு விரலால் தொட்டால் போதும் என்றிருந்தவள் முட்டை மாஸை மறந்துவிட்டு முழுத்தட்டையும் காலி செய்தாள்.

நான் தெருவில் நின்றேன். வள்ளிக்கண்ணு என் பக்கத்தில் நின்றார். அவர் முகம் செத்துப்போயிருந்தது. "அது யாரு?" என்று கேட்டேன்.

"என் தம்பி பொண்டாட்டி. தெய்வான."

"அப்படியா! நீங்களும் வாங்களேன்."

"நான் அந்த வாசப்படி மிதிச்சு ரெண்டு வருசமாச்சு" என்று சொல்லிவிட்டு, என் பையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டார்.

மறுநாள் காலையில் கேப்பைக்கூழும் வறுத்த மோர்மிளகாயும். குடித்துவிட்டுத் தோட்டத்துக்குப் போனோம். பிரச்சினையை நான் புரிந்துகொள்ள அரைமணி நேரம் ஆனது, ரொகானிக்கு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. மேட்டில் பல மைல்களுக்குத் தைலமரம். போட்டவர்கள் பெரிய நிறுவனம். மழை பெய்தால் அந்த மேட்டிலிருந்துதான் தண்ணீர் ஒரு வாய்க்கால் வழியாக ஊர்க் கண்மாய்க்கு வரவேண்டும். வாரி என்கிறார்கள் அதை. தைலமரத்துக்கு ஈரம் பிடிக்கவேண்டும் என்று தோட்டத்தில் குறுக்கே குறுக்கே இயந்திரத்தால் வரப்பு போட்டுவிட்டார்கள். வாரியின் மேலேயும் வரப்பு. தண்ணீர் மேட்டிலேயே நின்று மரம் குடித்துவிடுகிறது.

"போன ஐப்பசியில ஊரு பூராவும் மழ" என்றார் வள்ளிக்கண்ணு. "வீட்டுக்குள்ள ஒழுகுது. கண்மாய்ல போயிப் பாத்தா ஒரு சாண் தண்ணி இல்ல. மழ பேஞ்சும் வயக்காடு காஞ்சு கெடந்தது எங்க ஊருலதான்."

இப்போது ஒரு பகுதி மரங்களை வெட்டிவிட்டார்கள். வேர்க்கட்டைகளை அகற்றி, மறுபடி வரப்பு போட்டு, மறுபடி நடப்போகிறார்கள். வாரி போகும் தடம் வெறும் புல்லாகக் கண்ணுக்குத் தெரிந்தது. அந்தத் தடத்தை மட்டும் விட்டுவிட்டு இருபக்கமும் உழட்டும் என்பதுதான் பெண்கள் கேட்பது. ஐப்பசி மழைக்கு முன்னால் இது நடந்தால் கண்மாய் நிறையும். நடக்காவிட்டால் அடுத்த மரவெட்டு வரைக்கும், அதாவது இன்னும் பல வருஷங்களுக்கு, அந்த வரப்பை யாரும் தொடமுடியாது. ஊரில் பாதிக் குடும்பங்கள் அதற்குள் திருப்பூருக்குப் போய்விடும்.

ரொகானி குனிந்து அந்தத் தடத்தில் காலால் மண்ணைக் கீறிப் பார்த்தாள். உள்ளே மணல். "ஆறு இங்கேதான் படுத்திருக்கிறது" என்றாள். நான் மொழிபெயர்த்ததும் பெண்கள் சிரித்தார்கள். அவர்கள் இரண்டு வருஷமாக மனுக்களில் எழுதிக்கொண்டிருந்ததும் அதுதான்.

இயந்திர வேலையைக் குத்தகைக்கு எடுத்திருப்பவர் யார் என்று கேட்டேன். கடைசியில் ஒரு பெண் வள்ளிக்கண்ணுவைப் பார்க்காமல் சொன்னார்: "சுப்பையாண்ணன்." வள்ளிக்கண்ணுவின் தம்பி. தெய்வானையின் கணவர். டைல்ஸ் வீட்டின் கதை எனக்கு அப்போது விளங்கியது.

மத்தியானம் நிறுவனத்து அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்தார். கண்ணியமானவர்தான். தொப்பியைக் கழற்றிவிட்டுப் பேசினார். மனுவை மேலே அனுப்பியிருக்கிறேன், பதில் வரவில்லை, திங்கட்கிழமை வரப்பு போடும் வண்டி வந்துவிடும் என்றார். பிறகு வள்ளிக்கண்ணுவிடம் குரலைத் தாழ்த்தி, "நீங்க ஊரே கேக்குதுங்கிறீங்கம்மா. ஒங்க கூடப்பொறந்த தம்பி வீடே சேரலையாமே? அவங்க சம்சாரம்கூட வர்றதில்லன்னு சொல்றாங்க. ஊரு ஒண்ணா நின்னா நானும் தைரியமா வண்டிய நிறுத்திட்டு மேல பேசுவேன்" என்றார்.

அவ்வளவு பெரிய குரல் உள்ள பெண் குனிந்து சேலையில் ஒட்டிய புல்லைத் தட்டினார். எனக்கு அந்த மனிதர் மேல் ஆத்திரமாக வந்தது. ஆனால் அவர் சொன்னதில் பொய் இல்லையே.

அன்று சாயங்காலம் பெண்கள் கூடினார்கள். ரொகானியைப் பேசச் சொன்னார்கள். உலகத்து வெப்பம், காலநிலை மாற்றம் என்று அவள் ஏதாவது சொல்வாள் என்று நினைத்து, வார்த்தைகளையெல்லாம் நான் தயார் செய்துவைத்திருந்தேன். அவள் பேசியது கொஞ்சம்தான். "எங்கள் ஆறு தே தாரேக் நிறத்துக்கு மாறிவிட்டது. அதனால் தடுப்புக் கட்டினோம். முதல் தடவை தோற்றுப்போனோம். ஒரு குடும்பம் சேரவில்லை. லாரி அந்த வீட்டுத் தோட்டம் வழியாகத்தான் உள்ளே வந்தது. அவர்களைத் திட்டிக்கொண்டே இருந்தோமே தவிர, வந்து உட்காருங்கள் என்று யாரும் போய்க் கேட்கவில்லை." தே தாரேக் என்றால் எங்கள் ஊர்ப் பால் டீ என்று நான் சேர்த்துக்கொண்டேன். வள்ளிக்கண்ணு எழுந்து லைட்டைப் போடப் போனார். லைட் ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மழைச்சோறு எடுத்தார்கள். மழை தவறினால் இந்தப் பக்கத்துப் பெண்கள் செய்வது இது. ஒரு பெரிய குண்டானைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போவார்கள். சோறோ கூழோ, அந்த வீட்டில் என்ன இருக்கிறதோ அதில் ஒரு கை. எல்லாவற்றையும் ஒரே சட்டியில் கலந்து, கண்மாய்க்குள் உட்கார்ந்து எல்லோரும் சாப்பிட்டு, வானத்தைப் பார்த்து ஒப்பாரி வைப்பார்கள். "வானம் எங்களை ஏமாத்தலக்கா, வரப்புதான் ஏமாத்துது. ஆனா கேக்குற மொற இதுதான எங்களுக்குத் தெரியும்" என்றார் வள்ளிக்கண்ணு. இரண்டு வருஷமாக இப்படித்தான் எடுக்கிறார்களாம்.

ரொகானிக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்துப்போனது. வீட்டுக்கு வீடு சோறு. எல்லாவற்றையும் தொட்டாயிற்று, ஒரு கெம்புனானும் இல்லை. முன்னால் நடந்தாள். எலுமிச்சைச் சோறு, தயிர்ச்சோறு, கம்மங்கூழ், ஒரு வீட்டில் சேமியா உப்புமா. எல்லாம் ஒரே குண்டானில் விழுந்தது. அதைத்தான் சாப்பிடப்போகிறோம் என்று நினைத்து, பையில் வயிற்று மாத்திரை இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டேன்.

டைல்ஸ் வீடு வந்ததும் கூட்டம் தானாக எதிர்ப்பக்கம் ஒதுங்கி நடந்தது. ரொகானி மட்டும் கேட்டுக்கு எதிரே நின்றுவிட்டாள். ஏன் இங்கே நிற்கவில்லை என்று என்னிடம் கேட்டாள். நான் வள்ளிக்கண்ணுவிடம் கேட்டேன்.

"அது வேணாம்க்கா. அவுக தரமாட்டாக."

"கேட்டு, இல்லை என்று சொன்னார்களா?" என்றாள் ரொகானி. நான் சொன்னேன்.

"வரப்பு போடுறவன் வீட்டுல போயி நான் கையேந்தணுமா? எனக்கு ரோசம் இல்லையா? எங்கப்பா வச்ச நெலம் கண்மாய்க்குக் கீழ கெடக்கு. அவன் அந்த நெலத்துல வெளஞ்சதத் தின்னு வளந்தவன்." குரல் உடைந்தது. அவர் அழுவதற்குத் தயாராக இல்லை, அதனால் கோபப்பட்டார். "ரோகிணிய வரச்சொல்லுங்க. நேரமாகுது."

நான் இதை மொழிபெயர்த்தேன். ரொகானி கேட்டுக்கொண்டாள். பிறகு எனக்குப் பதிலே சொல்லாமல், "அவள் வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன். தாண்டிப் போகமாட்டேன்" என்று மலாயில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கேட்டைத் தட்டினாள்.

தட்டுவதற்குக் காத்திருந்த மாதிரி கதவு திறந்தது. தெய்வானை கையில் ஒரு பெரிய பாத்திரம். அதில் வெறும் வெள்ளைச்சோறு, ஆவி பறந்தது. ஒரு கை சோறு இல்லை, ஒரு கல்யாணப் பந்திக்குப் போடலாம். அவர் ரொகானியைப் பார்க்கவில்லை. தெருவுக்கு எதிர்ப்பக்கம் நின்ற நாத்தனாரைத்தான் பார்த்தார்.

"மதினி, போன வருசமும் ஆக்கி வச்சேன். அதுக்கு முன்னாடி வருசமும் ஆக்கி வச்சேன். எல்லாரும் அங்கிட்டுக் கூடிப் போனீங்க. நானும் வாசலையே பாத்துக்கிட்டு நின்னேன். பொழுது சாஞ்சதுக்கப்புறம் மாட்டுக்குக் கொண்டுபோயிக் கொட்டுனேன், ரெண்டு தடவையும்."

"தம்பி ஒண்ணும் சொல்ல மாட்டானா?" என்றார் வள்ளிக்கண்ணு.

"அவுக சொல்லுவாக. சொல்லட்டும். எனக்கும் அந்தக் கண்மாய்த் தண்ணிதான மதினி? போர்ல வர்றது காத்துதான். ஒரு தடவ நீங்க வாசல்ல நின்னு, 'அடியே தெய்வான'ன்னு கூப்புட்டுருந்தா நான் வந்துருப்பேன்ல?"

வள்ளிக்கண்ணு குண்டானைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்தார். கேட்டைத் தாண்டி, இரண்டு வருஷமாக மிதிக்காத அந்தப் படியில் ஏறி, குண்டானைத் தெய்வானையின் முன்னால் நீட்டினார். "போடுடி" என்றார். அவ்வளவுதான். ஒன்றும் மொழிபெயர்க்காமல் நின்றேன், ரொகானியும் கேட்கவில்லை.

கண்மாய்க்குள் எல்லோரும் சாப்பிட்டோம். தயிரும் சேமியாவும் எலுமிச்சையும் சேர்ந்த அந்தச் சோறு, சொன்னால் நம்பமாட்டீர்கள், அப்படியொன்றும் மோசமில்லை. மீந்ததில் தண்ணீர் ஊற்றி வைத்தார்கள்.

திங்கட்கிழமை விடிந்ததும் இயந்திரம் வந்தது. முன்னால் அகலமான இரும்புத் தகடு. ஓட்டிவந்தவர் சுப்பையாவிடம் வேலைசெய்யும் முத்துக்குமார், முப்பது வயதுக்காரர். நாங்கள் அதற்கு முன்பே போய் வாரித் தடத்தில் உட்கார்ந்திருந்தோம். குறுக்கு வரிசையாக, கண்மாயில் மடை அடைப்பதுபோல நெருக்கி. நடுவில் முந்தின நாள் குண்டான், பழைய சோறு. ரொகானி எந்த யோசனையும் சொல்லவில்லை. அவள் ஊரில் மூங்கில் வைத்த இடத்தில் இங்கே பெண்களே இருந்தார்கள்.

முத்துக்குமார் இஞ்சினை அணைக்காமல் இறங்கி வந்தார். "யக்கா, எந்திரிங்கக்கா. என் பொழப்பக் கெடுக்காதீங்க" என்று வள்ளிக்கண்ணுவிடம் கெஞ்சினார். இது அவருக்குப் பழக்கமான வேலை என்று தெரிந்தது. தோட்டத்தின் வேறு பகுதிகளில் வரப்பு போட்டபோதும் கெஞ்சியிருக்கிறார், போலீஸ் வந்திருக்கிறது, பெண்களைத் தூக்கி ஓரமாக விட்டிருக்கிறார்கள். வள்ளிக்கண்ணு அசையவில்லை. முத்துக்குமார் போனை எடுத்தபடி வரிசையை ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். நடுவில் வந்ததும் நின்றுவிட்டார். வள்ளிக்கண்ணுவின் தோளோடு தோளாகத் தெய்வானை உட்கார்ந்திருந்தார். தலையில் முக்காடு இல்லை, முகத்தை மறைக்கவில்லை.

போனில் சுப்பையா கத்துவது எங்களுக்கே கேட்டது. என்னடா நிப்பாட்டிட்ட, ஏத்துடா, போலீஸக் கூப்புடுறேன் என்று.

முத்துக்குமார் போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். "அண்ணே, போலீஸெல்லாம் வேணாம்ணே. அண்ணி உக்காந்திருக்காங்கண்ணே."

போனில் சத்தம் நின்றது.

"ஆமாண்ணே, நம்ம அண்ணிதான். அக்கா பக்கத்துல. நான் எப்படிண்ணே ஏத்துறது?"

இஞ்சின் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. தெய்வானையின் கை வள்ளிக்கண்ணுவின் கைக்குள் இருந்தது. யார் யாருடையதைப் பிடித்திருந்தார்கள் என்று சொல்ல முடியாது. பிறகு போனில் தேய்ந்த குரல் ஒன்று ஏதோ சொன்னது. முத்துக்குமார் இரண்டு தடவை "சரிண்ணே" என்றார். போய் இஞ்சினை அணைத்துவிட்டு வந்தார்.

"வாரிய விட்டுட்டு ரெண்டு பக்கமும் ஓட்டச் சொல்றாரு. ஆபீசர்கிட்ட அவரே பேசுறாராம்" என்றார். யாரும் குலவை போடவில்லை, கைதட்டவில்லை. வள்ளிக்கண்ணு மட்டும் மூக்கைச் சிந்தினார். ஒரு பெண் எழுந்து போய், வேலிக் குச்சிகளை ஒடித்து, தடத்தின் இருபுறமும் ஊன்ற ஆரம்பித்தார். வாய்வார்த்தையை நம்பி இவர்கள் ஏமாந்த காலம் முடிந்துவிட்டது.

தெய்வானை குண்டானைத் தன் பக்கம் இழுத்தார். "தம்பி, வெறும் வயித்தோட வந்திருப்ப. சாப்பிட வா."

"ஆச்சுண்ணி, நீங்க சாப்பிடுங்க" என்றார் முத்துக்குமார், வழக்கப்படி.

ரொகானி என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவே தேவையிருக்கவில்லை. அவள் எழுந்து, ஒரு கை சோற்றை அள்ளிப் பிழிந்து, ஆமணக்கு இலையில் வைத்து, அவர் நெஞ்சுக்கு நேராக நீட்டிக்கொண்டு நின்றாள். அவர் வண்டியைப் பார்த்தார், தெய்வானையைப் பார்த்தார், ஊன்றிய குச்சிகளைப் பார்த்தார். பிறகு கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, விரல் நுனியால் ஒரு பருக்கையைத் தொட்டு வாயில் வைத்தார்.